யாரும் இல்லாதவர்களின் வீட்டில் என் நைனா

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் புறநகரில் ஒரு பிள்ளை கோயிலில் முதல் முறை நற்கருணை வாங்கியதற்குப் புதுநன்மை விருந்து. பாரிசிலிருந்து ரயிலில் அரைமணி தூரத்து ஊர் இது. புதுச்சேரிக் குடும்பங்கள் ஒரு பத்துப் பதினைந்து இங்கே அடுத்தடுத்த கட்டடங்களில் குடியிருக்கிறோம். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் எல்லோரும் கூடிவிடுவோம். அன்றைக்கும் ஆண்கள் சீட்டுக்கட்டோடு ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் நாங்கள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம்.

விருந்து கொடுத்த வீட்டு அம்மாள் என் மகன் பத்ரிக்கை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, மரக்காணத்துத் தாத்தா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அவனுக்கு ஒன்பது வயது. தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. பிரெஞ்சில் பதில் சொன்னான். தாத்தா இப்போது அம்மா வேலை செய்கிற மாதிரி ஒரு வீட்டில் இருக்கிறார், அங்கே வயதானவர்களுக்குத் தோட்டம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை கேக் உண்டு என்றான். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்து கேக் தின்றுவிட்டுப் போனவன். அந்த நினைப்பில் பெருமையாகத்தான் சொன்னான்.

வேறு இடமாக இருந்தால் பிள்ளை ஏதோ உளறுகிறது என்று சமாளித்துவிடலாம். இங்கே இருக்கிறவர்களுக்கெல்லாம் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. ஒருத்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அதெல்லாம் இல்லக்கா. புதுச்சேரி ஆஸ்பத்திரியில வச்சு வைத்தியம் பாக்குறோம். இவனுக்கு என்னா தெரியும்" என்று சொல்லிச் சிரித்தேன். அந்த அம்மாள் நல்லா கவனிக்கச் சொல்லு என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் ஊர்க்கதை பேசவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது பத்ரிக் கேட்டான், ஆஸ்பத்திரி என்று ஏன் சொன்னாய் என்று. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று காதைத் திருகினேன். அவன் குறுக்கே பேசவே இல்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான். அது எனக்கும் தெரியும். பிள்ளை அழாமல் நடந்து வந்தான். அவன் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இதே ஆஸ்பத்திரிப் பொய்யை மரக்காணத்திலும் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தப் பத்திரிகை அங்கே பங்குச் சாமியார் வீட்டுக்கும் கடைத்தெரு சலூனுக்கும் வருவது எனக்குத் தெரியும். சலூனுக்கு வந்தால் ஊருக்கே வந்த மாதிரி. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

2

நைனா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா. என் நைனாவின் பெயர் சவரிமுத்து. மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியவர். அம்மா நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே போய்விட்டாள். கூடப் பிறந்தவர்கள் யாரும் தங்கவில்லை. ஆக, எனக்கு நைனா, நைனாவுக்கு நான்.

வாய்த்துடுக்கு உள்ள மனிதர். மாப்பிள்ளை வீட்டார் புதுச்சேரியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர், அதனால் பையனுக்குப் பிரான்ஸ் குடியுரிமை இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார்கள். "அங்க உப்பு கெடைக்குதா?" என்று கேட்டார் நைனா. கிடைக்கும் என்றார்கள். அப்படியானால் என் மகள் பிழைத்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்து நீட்டினார். அவ்வளவுதான் நிச்சயம்.

இங்கே வந்து பத்து வருடம் ஆகிறது. கணவர் கார் தொழிற்சாலையில். நான் முதியோர் இல்லத்தில். மரக்காணத்தைக் கேட்டால் நான் நர்ஸ். உண்மையில் நர்ஸுக்கு எடுபிடி. காலையில் போனதும் எழுப்ப வேண்டும், துடைக்க வேண்டும், படுக்கையிலேயே கிடக்கிறவர்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் போட வேண்டும், தலை சீவிவிட வேண்டும். நல்ல வேலைதான், அதில் எனக்குக் குறை இல்லை. அந்தக் கிழவிகளும் கிழவர்களும் என் மேல் பிரியமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குள் ஒரு திமிர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் பூங்கொத்தோடு வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பெற்றவர்களைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் பூ வேறு கொண்டுவருகிறார்களே, இவர்கள் என்ன மனிதர்கள் என்று நினைப்பேன். எங்கள் ஊரில் இப்படி இல்லை என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன்.

போன வருடம் தை மாதத்தில் தந்தி வந்தது. நைனாவுக்கு வலது பக்கம் வாதம் இழுத்துவிட்டது.

3

நைனாவை இங்கே கூட்டிவந்துவிடுவோம் என்று கணவர்தான் முதலில் சொன்னார். அது அவருடைய நல்ல குணம். அரசாங்க அலுவலகத்தில் வரிசையில் நின்றோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் புதுச்சேரியா என்று கேட்டாள். இல்லை, பக்கத்தில் என்றேன். பக்கத்தில் என்று ஒரு நாடு கிடையாது, மதாம் என்றாள்.

அவள் சொன்னது சரிதான். அந்தக் காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரனுடையது, அதை ஒட்டிய கோட்டக்குப்பத்திலேயே இங்கிலீஷ்காரன் ராஜ்ஜியம் தொடங்கிவிடும். மரக்காணத்துக்காரருக்குப் பிரான்ஸில் எந்தப் பாத்தியதையும் இல்லை. பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள், கோயிலில் ஞானஸ்நானம் எழுதிய குறிப்பு மட்டும்தான் இருந்தது. எங்கள் வீட்டின் அளவைக் கேட்டார்கள். இரண்டு அறையில் நடக்க முடியாத இன்னொருவரை எங்கே வைப்பீர்கள் என்றார்கள். மூன்று முறை அலைந்த பிறகு முடியாது என்று பதில் வந்தது.

அன்று ரயிலில் திரும்பும்போது கணவர் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழவில்லை. நாள் முழுக்க அடுத்தவர்களைத் துடைத்துத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து, வீட்டிலும் அதையே செய்ய வேண்டாம் என்று ஆகிவிட்டதே, அந்த நிம்மதி முகத்தில் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் திரும்பிக்கொண்டேன். இதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை. இனி படித்துத் தெரிந்துகொள்வார்.

4

கோடை விடுமுறையை மொத்தமாக எடுத்துக்கொண்டு தனியாக ஊருக்குப் போனேன். உப்பளத்தில் வேலை மும்முரமாக இருந்த நேரம். பக்கத்து வீட்டுச் செல்லக்கண்ணு அக்காதான் அதுவரை நைனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் உப்பு வாருகிறவர்தான். இருட்டு விலகுவதற்கு முன் உப்புப் பாத்திக்குப் போனால் வெயில் ஏறிய பிறகுதான் வருவார். வந்துதான் நைனாவுக்குச் சோறு.

சோறு என்பதுதான் பிரச்சினையே. நைனாவுக்கு வலது கை போய்விட்டது. இடது கை நன்றாக இருக்கிறது. எங்கள் இல்லத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு இடது கையில் ஸ்பூனைக் கொடுத்துப் பழக்குவோம், ஒரு மாதத்தில் தானே சாப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். நானும் பாரிசிலிருந்து ஒரு நல்ல ஸ்பூன் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். நைனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பீச்சாங்கையால சோறு திங்க மாட்டேன்."

"கையால இல்ல நைனா, ஸ்பூனால."

"ஸ்பூன எந்தக் கை புடிக்கும்?"

நாலு நாள் மல்லுக்கட்டினேன். காலைக்கடன் கழுவுகிற கையால் அன்னத்தைத் தொட மாட்டேன் என்பதில் அவர் ஒரே பிடி. யாராவது ஊட்டினால் சாப்பிடுவார், ஊட்டாவிட்டால் தட்டைப் பார்த்துக்கொண்டு பட்டினி கிடப்பார். செல்லக்கண்ணு அக்கா வரும் வரைக்கும் அப்படித்தான் கிடந்திருக்கிறார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். நான் போன நாளிலிருந்து மூன்று வேளையும் நானே ஊட்டினேன். கன்னம் கொஞ்சம் தேறியது.

அக்கா ஒரு நாள் பாத்திரம் விளக்கிக்கொண்டே, ஒரு வருஷம் இருந்து பார்த்துவிட்டுப் போனால்தான் என்ன என்று கேட்டார். வேலை போய்விடும் என்றேன். பிள்ளை அங்கே தனியாக இருக்கிறான், வீட்டுக்காரர் இரவு வேலைக்குப் போகிறார், வீட்டுக்கு வாங்கிய கடன் இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாமே உண்மைதான். அவர் தலையை ஆட்டிவிட்டு, தன் மருமகளுக்கு இது ஏழாம் மாதம், இனிமேல் தன்னாலும் முடியாது என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

ஆகவே இடம் தேட ஆரம்பித்தேன். ஊரில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள், குடியிருக்க வீடு பார்ப்பார்கள். பெற்ற தகப்பனுக்கு இடம் பார்க்கிறேன் என்று சொல்ல அங்கே ஒரு வார்த்தையே இல்லை. கடைக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் புதுச்சேரிக்குப் போய் வந்தேன்.

முதலில் பார்த்தது ஒரு விதவை அம்மாளின் வீடு. பணம் வாங்கிக்கொண்டு நாலைந்து வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டேன். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. காபி கொடுத்தார், மரியாதையாகப் பேசினார். நான் என் தொழில் புத்தியில் உள்ளே எட்டிப் பார்த்தேன். நைனாவைப் போலவே வலது கை விழுந்த ஒரு பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் சோற்றை அள்ளித் தின்றுகொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை. ஊட்ட மாட்டீர்களா என்று கேட்டேன். ஒருத்தருக்கு ஊட்டினால் எல்லாரும் வாயைத் திறப்பார்கள், பசி வந்தால் கை தானாகப் பழகும் என்றார் அந்த அம்மாள்.

இரண்டாவது, கன்னியாஸ்திரிகள், எங்கள் வழக்கில் கன்னியர்கள், நடத்தும் வீடு. ஊருக்கு வெளியே, வேப்ப மரங்களுக்கு நடுவில், படி ஏறத் தேவையில்லாத ஓட்டுக் கட்டடம். மூத்திர நாற்றம் இல்லை. யாருக்கும் படுக்கைப் புண் இல்லை, போர்வையை விலக்கிக் குதிகால் வரைக்கும் பார்த்தேன். மத்தியான நேரத்தில் போனேன். கன்னியர்கள் கட்டில் கட்டிலாக உட்கார்ந்து ஊட்டிக்கொண்டிருந்தார்கள், அவசரமில்லாமல், வாயில் இருப்பது உள்ளே போகும் வரை காத்திருந்து. இதுதான் நைனாவுக்கு ஏற்ற இடம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அங்கே தலைமை ஏற்றிருந்த மதர் யாருக்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார். என் தகப்பனாருக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "எங்க ஊர்ல தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர்" என்றேன். அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மதர் அந்த வீட்டு வழக்கத்தைச் சொன்னார். எவ்வளவு பணம் கொடுத்தாலும் பிள்ளை உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை. யாரும் இல்லாதவர்களுக்கு மட்டும்தான் இந்த வீடு.

வெட்கத்தில் சொன்ன பொய் அந்த நிமிடமே எனக்கு வசதியாகிவிட்டது. அவருக்கு யாரும் இல்லை, மதர் என்றேன்.

5

பின்னால் இங்கே நடந்த ஒன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நைனாவைக் கன்னியர் வீட்டில் விட்டுவிட்டு, விடுமுறை முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம். எங்கள் இல்லத்தில் பழைய ரயில்வேக்காரர் ஒருவர் இருக்கிறார், சிடுமூஞ்சி. அவரை நாங்கள் எல்லோரும் முசியே என்றுதான் கூப்பிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிழவரை நான் அப்பா என்று பிரெஞ்சில் கூப்பிட்டுவிட்டு நிர்வாகி அம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இவர்கள் உனக்கு அப்பா இல்லை, அவர்களுக்கென்று பெயரும் மரியாதையும் உண்டு என்றாள்.

அன்றைக்கு அந்த ரயில்வேக்காரரைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது என்னை அறியாமல், "நைனா, கையத் தூக்கு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் கையைத் தூக்கினார். அக்குளைத் துடைத்தேன். பிறகுதான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எனக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சம்பளத்துக்காக ஒரு வெள்ளைக்காரரின் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன், என் தகப்பனுடைய கையை யாரோ ஒரு கன்னியர் சம்பளமில்லாமல் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

6

கன்னியர் வீட்டைப் பார்த்துவிட்டு மரக்காணம் திரும்பியதும் செல்லக்கண்ணு அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். நைனாவை நீங்கள் அழைத்துக்கொண்டு போய் யாரும் இல்லாதவர் என்று சொல்லிச் சேர்த்துவிடுங்கள், நான் வெளியே நிற்கிறேன் என்றேன். அவர் இந்து, கன்னியரிடம் பொய் சொன்னால் அவருக்கு ஒன்றும் ஆகாது என்பது என் கணக்கு. கோயிலுக்கும் மடத்துக்கும் பயப்பட வேண்டியவள் நான்தான்.

"தொணைக்கு வர்றேன். பொய் சொல்றதுன்னா நீயே சொல்லு" என்றார்.

நைனாவிடம் கன்னியர் வீடு என்று மட்டும் சொல்லியிருந்தேன். மூன்று வேளையும் ஊட்டுவார்கள் என்றதும் சரி என்றுவிட்டார். கிளம்புகிற காலையில் குளிப்பாட்டி உட்கார வைத்தேன். நான் பாரிசிலிருந்து கொண்டுவந்த வெள்ளை டெரிலின் சட்டையை முந்தின நாளே நைனா அக்காவிடம் கொடுத்துப் பெட்டி போட்டு வாங்கி வைத்திருந்தார். அதை எடுக்கச் சொன்னார்.

அது வேண்டாம், வழியில் அழுக்காகிவிடும் என்றேன். கொடியில் இரண்டு பழைய சட்டைகள் கிடந்தன. ஒன்று சாயம் போனது. இன்னொன்று தோளில் கிழிந்தது. நான் கிழிந்ததை எடுத்தேன்.

நைனா சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புது எடத்துக்குப் போறப்ப கிழிசல போட்டுக்கிட்டு யாராச்சும் போவாங்களா?" என்று கேட்டார். நான் சட்டையை உதறிப் பிரித்தேன். "அங்க என்னான்னு சொல்லி வச்சிருக்க?"

அப்போதுதான் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, கொடியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட வேண்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது. "அப்படியா" என்றார். பிறகு நல்ல கையை உயர்த்தினார், நான் சட்டையை மாட்டுவதற்காக. தகப்பனை அனாதையாக வேஷம் கட்டி அனுப்பிய மகள் என்று என்னைச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். வேஷம் கட்டிய கை இதுதான்.

தெருவில் ஆஸ்பத்திரிக்கு என்று சொன்னேன். எல்லோரும் வாசலுக்கு வந்து நல்லபடியாகத் திரும்பி வா என்று நைனாவை அனுப்பி வைத்தார்கள்.

டாக்சியில் ஏற்றும்போது அவர் மடியில் ஒரு துணி மூட்டை இருந்தது. அக்காவிடம் சொல்லிக் கட்டி வாங்கியிருந்தார். உள்ளே கல்லுப்பு. புது வீட்டுக்குள் உப்புதான் முதலில் போக வேண்டும் என்றார். அக்காவும் அதை ஆமோதித்தார். மதருக்குக் கொடுக்க நான் பாரிஸ் சோப்புப் பெட்டி வைத்திருந்தேன். அதன் பக்கத்தில் இந்த அழுக்கு மூட்டையா என்று, இறங்கும்போது சீட்டுக்கடியில் தள்ளிவிட்டேன். டாக்சிக்காரர் பொறுப்பாக அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார். மதர் மூட்டையைப் பிரித்துப் பார்த்து, நைனாவிடம் கும்பிட்டு வாங்கி, சமையல்கட்டுக்கு முதலில் அதைத்தான் அனுப்பினார். சோப்புப் பெட்டி மேசை மேலேயே கிடந்தது.

பிறகு மதர் நைனாவுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பெரியவரே, ஒங்களுக்குன்னு யாரு இருக்காங்க?"

நான் கதவுப் பக்கம் நின்றேன். அக்கா தரையைப் பார்த்தார்.

"ஒரு பொண்ணு இருக்குதும்மா" என்றார் நைனா. வாதத்தில் வாய் கோணியிருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்தது. "தோ நிக்குது பாருங்க, இதான். பிரான்சுல இருக்குது. நல்ல பொண்ணு."

மதர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவ்வளவு சிறுமைப்பட்டது அதற்கு முன்னால் கிடையாது. யாரும் இல்லை என்று சொன்னார்களே என்று நைனாவிடமே கேட்டார்.

"அதுவும் நெசந்தாம்மா" என்றார் நைனா. "இது இருக்குது. எனக்கு யாரும் இல்ல. ரெண்டும் நெசம்."

மதர் எழுந்து என் பக்கத்தில் வந்தார். திட்டப் போகிறார், கூட்டிக்கொண்டு போ என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். எப்போது திரும்பிப் போகிறேன் என்று கேட்டார். இந்தச் சனிக்கிழமை என்றேன். மறுபடி எப்போது வர முடியும் என்று கேட்டார். யோசித்து, மூன்று வருடமாவது ஆகும் என்றேன்.

"சரி. உள்ள கூட்டிட்டு வாங்க" என்றார்.

என் பொய்யை நம்பி அவரைச் சேர்த்திருந்தால், ஏமாற்றிவிட்டேன் என்ற குற்றத்தோடு போயிருக்கும். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லித் தீர்த்திருப்பேன். அப்படி நடக்கவில்லை. மூன்று வருடம் ஆகும் என்று நான் சொன்ன உண்மையைக் கேட்டுத்தான் அவருக்கு இடம் கொடுத்தார்கள். மகள் இருந்தும் யாரும் இல்லாதவர்தான் அவர் என்பது மதருக்கு என் வாயாலேயே தெரிந்துவிட்டது.

ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்றும் கேட்டார் மதர். நைனா செல்லக்கண்ணு அக்காவைக் காட்டினார். "பொண்ணுக்குத் தந்தி போயி, அது ஏரோப்ளேன் புடிச்சு வர்றதுக்குள்ள நான் நாறிடுவேன்" என்றார். பக்கத்தில் நின்ற இளம் கன்னியர் சிரித்துவிட்டார். நைனாவும் சிரித்தார். அந்த வீட்டில் அவருக்கு முதல் சிநேகிதம் அந்த நிமிடத்தில் ஏற்பட்டது.

7

நைனா நன்றாக இருக்கிறார். மதர் மாதம் ஒரு முறை கடிதம் எழுதுகிறார். எடை கூடியிருக்கிறதாம், பூசைக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறாராம், சமையலில் உப்புப் போதவில்லை என்று சண்டை போடுகிறாராம். நான் தேர்ந்தெடுத்த இடம் நல்ல இடம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நல்ல இடம் என்பதால் வெட்கம் கொஞ்சமும் குறையவில்லை என்பதைத்தான் இந்த ஒரு வருடத்தில் தெரிந்துகொண்டேன்.

பத்ரிக்கிடம் நேற்று மன்னிப்புக் கேட்டேன். காதைத் திருகியதற்கா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அடுத்த முறை யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றான். நீ சொன்னதையே சொல் என்றேன். ஆனால் கேக் எல்லாம் கிடையாது என்று சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது.

மரக்காணத்துக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சவரிமுத்து ஆஸ்பத்திரியில் இல்லை. நல்லபடியாகத் திரும்பி வரப் போவதும் இல்லை. புதுச்சேரிக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு போய்ப் பார்க்கலாம், இடம் செல்லக்கண்ணு அக்காவுக்குத் தெரியும்.

அன்றைக்கு அவரைக் கட்டிலில் படுக்க வைத்து, தலையணையைச் சரி செய்து, வலது கையை மடக்கி வயிற்றின் மேல் வைத்துவிட்டு நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். மத்தியான மணி அடித்தது. சிரித்த அந்த இளம் கன்னியரே சோற்றுத் தட்டோடு வந்தார். சோறும் பருப்பும், ஓரத்தில் ஒரு துண்டு மீனும். நான் ஊட்டுகிறேன், சிஸ்டர் என்று தட்டை வாங்கினேன். முள்ளை எடுத்துவிட்டு மீனைப் பிசைந்து முதல் வாயை நீட்டினேன்.

நைனா வாயைத் திறக்கவில்லை.

"அவங்க ஊட்டட்டும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். "அவங்க கைக்குப் பழகணும் பாரு."

தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு அவருடைய கோணல் வாய் புதிது. முதல் வாய் பாதி உள்ளே போனது, பாதி தாடையில் வழிந்தது. என் கை தானாக நீண்டது, இழுத்துக்கொண்டேன். அவர் மென்று விழுங்கிவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்து மறுபடி வாயைத் திறந்தார்.